அந்தப் பாட்டில் என்னுடையது

மலேசியாவின் மூவார் ஊரில், தாமான் என்று நாங்கள் சொல்கிற எங்கள் குடியிருப்பில் ஒரு பிள்ளை காரணமில்லாமல் திடுக்கிட்டு அழுதால், சோறு இறங்காமல் சிணுங்கிக்கொண்டே கிடந்தால், முதலில் கோயிலுக்குத் தூக்கிப் போய்த் திருநீறு பூசுவோம். அதில் அடங்காவிட்டால் கிளினிக். அதிலும் அடங்கவில்லை என்றால், ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஆற்றோரத்துக் கடைவரிசையில் இருக்கும் பாயின் சாப்பாட்டுக் கடைக்குப் போவோம். பாய் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். பிள்ளையின் பெயரைக் கேட்பார், தாயின் பெயரைக் கேட்பார். மூடியைத் திறந்து, பாட்டிலை முகத்துக்கு அருகே பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் ஏதோ ஓதுவார். கடைசியில் பாட்டிலின் வாயில் மூன்று முறை ஊதி, மூடியைத் திருகிக் கையில் கொடுத்துவிடுவார். காசு வாங்க மாட்டார். "ஒரு தே குடிச்சிட்டுப் போங்கம்மா" என்பார், அவ்வளவுதான்.

தண்ணீரில் ஊதினால் பயம் போய்விடுமா என்று கேட்பவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்கு நேரமில்லை. போகுமா போகாதா என்று எனக்கும் தெரியாது. நான் சோபா செய்யும் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், மந்திரம் மாயம் என்று அலைகிறவள் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், நாங்கள் கும்பிடுகிற இடம் வேறு, அவர் தொழுகிற இடம் வேறு என்று தெரிந்தே நாங்கள் கேட்டோம், அவரும் தெரிந்தே கொடுத்தார் என்பதுதான். அவருடைய அத்தா அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருந்த காலத்திலிருந்து இது நடந்து வந்தது. இதைப் பற்றி யாரும் மேடை போட்டு ஒற்றுமை, நல்லிணக்கம் என்று முழங்கியதில்லை. முழங்குகிற அளவுக்குப் பெரிய விஷயமாக யாருக்கும் தோன்றவும் இல்லை.

என் மகள் ஜொகூர் பாருவில் தோழிகளோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். வேலை சிங்கப்பூரில். விடியுமுன் மோட்டார்சைக்கிளில் பாலத்தைத் தாண்டுகிற அந்தப் பெருங்கூட்டத்தில் அவளும் ஒருத்தி. ஒரு நாள் மழையில் அவளுக்கு முன்னால் போன மோட்டார் வழுக்கி விழுந்தது. விழுந்தவர் மேல் ஏற்றிவிடாமல் எப்படி ஒதுக்கி நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவருக்குக் கால் முறிந்தது. இவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் பார்க்கப் போன அன்று, மோட்டார் சாவியைத் தொட்டதுமே முகம் வெளுத்துத் திரும்ப வைத்துவிட்டாள். பஸ்ஸுக்கு வரிசையில் நின்று, வேலைக்குத் தாமதமாகி, அங்கே பேச்சு வாங்கி, தூக்கமும் போய்விட்டது. டாக்டர் கொடுத்த மாத்திரையும் பெரிதாக உதவவில்லை. பெற்ற வயிறு சும்மா இருக்குமா? ஒரு சனிக்கிழமை காலை, பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பாய் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

கடையில் கூட்டம். கல்லா மேசையில், மேசைகளுக்குப் போக வேண்டிய தே தாரிக் தேநீர்க் கிளாஸ்கள் வரிசையாக நின்றன. நான் பையிலிருந்து பாட்டிலை எடுத்ததும் பாய்க்குப் புரிந்துவிட்டது.

"யாருக்கும்மா?"

"மகளுக்கு, பாய். ரோட்டுல பயந்துட்டா."

"பச்சப் புள்ளைக்குத்தாம்மா ஊதுவாங்க. இது வேலைக்குப் போற புள்ளையாச்சே" என்று சிரித்தார்.

"எனக்கு இன்னும் பச்சப் புள்ளதான். ஊதுங்க."

சிரித்துக்கொண்டே வாங்கினார். ஓத ஆரம்பித்ததும் சிரிப்பு போய்விட்டது. அந்த நேரத்தில் அவர் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். நான் பக்கத்தில் நின்றேன். ஓர மேசையில் யாரோ ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. ரொட்டி சானாயைப் படம் எடுக்கிறான் என்று நினைத்தேன். இந்தக் காலத்தில் ரொட்டியை முதலில் போன் தின்கிறது, மிச்சத்தைத்தான் மனிதன் தின்கிறான்.

மறுநாள் ஜொகூர் பாருவுக்குப் போய் மகளிடம் பாட்டிலைக் கொடுத்தேன். "என்னம்மா இது, எந்தக் காலத்துல இருக்கீங்க?" என்று கேலி செய்தாள். கேலி செய்துகொண்டே பாதியைக் குடித்தாள். மீதியை மெத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் வேலை நேரத்தில் அவளிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. கீழே, "ம்மா, இது நம்ம பாய் கடைதானே? அந்த ஆரஞ்சுப் பை உங்க பைதானே?" என்று கேட்டிருந்தாள்.

என் பைதான். தீபாவளி விருந்தில் தொழிற்சாலை கொடுத்தது, சோபா படம் போட்டது. அந்தப் பையும் என் தோளும் ஓரத்தில் தெரிந்தன. நான் பாட்டிலைக் கொடுத்தது அதில் இல்லை, "ஊதுங்க" என்று சொன்னது இல்லை, அவர் பெயர் கேட்டது இல்லை. அன்று ஓர மேசையில் போனைப் பிடித்திருந்தவன் அதையெல்லாம் நறுக்கிவிட்டு, பாய் குனிந்து ஊதுகிற அந்த ஒரு இடத்தை மட்டும் வைத்திருந்தான். அவன் உட்கார்ந்திருந்த கோணத்தில் பாட்டில் கிளாஸ்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. பார்ப்பவர்களுக்கு, ஒரு மனிதர் வாடிக்கையாளர்களுக்குப் போகும் தேநீரில் வாயை வைத்து ஏதோ செய்கிற மாதிரி இருக்கும். மேலே கொட்டை எழுத்தில் தமிழில் போட்டிருந்தான்: 'தேநீரில் எச்சில் துப்பும் கடைக்காரர். தமிழர்களே உஷார். பகிருங்கள்.'

பகிர்ந்தார்கள். பகிர்வதில் நம் ஆட்களை மிஞ்ச முடியுமா? வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அது கோயில் மகளிர் குழுவில் வந்துவிட்டது, பள்ளித் தோழிகள் குழுவில் வந்துவிட்டது, திருடன் வந்தால் தெரிவிப்பதற்கென்று ஆரம்பித்த தாமான் குழுவிலும் வந்துவிட்டது. "அலமாக், நேத்துதான் அங்க தே குடிச்சேன்" என்று ஒருத்தி. "இதுக்குத்தான் நான் வெளில சாப்பிடுறதே இல்ல" என்று இன்னொருத்தி. அவளை வாரம் தவறாமல் அந்தக் கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் கட்டிக்கொண்டு போகிறவளாகத்தான் எனக்குத் தெரியும்.

கோயில் குழுவில் எழுதினேன். 'அந்த வீடியோ பொய். அந்தப் பாட்டில் என்னுடையது. என் மகளுக்காக நான்தான் தண்ணீர் ஓதித் தரச் சொன்னேன். ஓரத்தில் தெரிவது என் பைதான்.' எழுதிவிட்டு, இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். சம்பந்தப்பட்டவளே வந்து சொல்லிவிட்டாளே, இன்னும் என்ன வேண்டும்?

முதலில் யாரோ ஒருத்தி கட்டைவிரல் படம் போட்டாள். எதற்குப் போட்டாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பிறகு ஒருத்தி, "அக்கா நீங்க அப்பாவி, எல்லாரையும் நம்பிடுவீங்க" என்றாள். குழுவில் அந்த வீடியோவை அனுப்பியவளிடம் நேராகவே கேட்டேன், இது உனக்கு எங்கிருந்து வந்தது என்று. "எனக்கு வந்தது, நான் அனுப்பினேன், அவ்ளோதான்" என்றாள். அவ்வளவுதானாம். தெருவில் கிடந்த குப்பையை எடுத்துக் கொண்டுவந்து பக்கத்து வீட்டு வாசலில் கொட்டிவிட்டு, நான் கொட்டவில்லை, கை மாற்றினேன் என்கிற நியாயம். அதற்குப் பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. நம் கோயில் இருக்கும்போது ஒரு பெண் எதற்கு அங்கே போய் ஊதிக்கொண்டு வர வேண்டும், முதலில் அதற்குப் பதில் சொல்லட்டும் என்று. விஷயம் பாயை விட்டு என் மேல் வந்து நின்றது. "எத்தன ரொட்டி ஓசில குடுத்தாரு?" என்று ஒருத்தி கேட்டுச் சிரிக்கிற முகம் போட்டாள். அந்தச் சிரிக்கிற முகத்தின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. அந்தக் குழுவில் இருக்கிற பெண்களில் எத்தனை பேர் பாய் கடைக்குப் பாட்டிலோடு போனவர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளி இருக்கிறவள், என்னை அக்கா அக்கா என்று கூப்பிடுகிறவள், தன் கைக்குழந்தை விடாமல் அழுதபோது என்னைத்தான் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். அவளும் குழுவில் இருக்கிறாள். நான் எழுதியதைப் படித்துவிட்டாள் என்று நீலக் குறியே காட்டியது. ஒரு வார்த்தை எழுதவில்லை. நேராக அவள் வீட்டுக்கே போனேன்.

"நீயும்தானே போன. ஆமா, அங்க தண்ணி ஓதிக் குடுப்பாங்கன்னு ஒரு வரி போடேன்."

"எனக்குத் தெரியும்லா, அக்கா. ஆனா இப்ப குரூப்ல சொன்னா நம்ம மேல பாய்வாங்க. உங்களையே எப்படிப் பேசுறாங்க பாத்தீங்கல்ல?"

"அதனாலதான் சொல்றேன். ரெண்டு பேரு சொன்னா கொஞ்சமாச்சும் நம்புவாங்க."

"கொஞ்ச நாள் போனா தானா அடங்கிடும், அக்கா. விடுங்க."

மென்று விழுங்கினாள். வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரர் சோபாவில் படுத்துக்கொண்டு வேறு ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டே, "உனக்கு ஏன் இந்த வேலை?" என்றார். அவரிடமும் இரண்டு வார்த்தை சூடாகப் பேசிவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

அந்த வீடியோவுக்கு இன்னொரு கையும் முளைத்தது. தொழிற்சாலையில் என் மேசைக்கு எதிரே உட்காரும் மலாய்ப் பெண் அதே வீடியோவைக் காட்டினாள். மேலே இருந்த எழுத்து மலாயில். அதில் எச்சில் கதை இல்லை. இந்தக் கடைக்காரர் பெலாரிஸ் வைக்கிறார் என்று போட்டிருந்தது. வியாபாரம் பெருகவும், வந்தவர்கள் திரும்பத் திரும்ப வரவும் சாப்பாட்டில் வசியம் வைப்பதைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். மார்க்கத்துக்கு விரோதமான பெரிய பாவம். ஐந்து வேளையும் தொழுகிற மனிதர் மேல் அந்தப் பழி. நான் நடந்ததைச் சொன்னேன். அவள் நம்பினாள். நம்பினாலும், விவரம் தெளிவாகும் வரை அந்தப் பக்கம் போகாதே என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்றாள்.

தமிழில் அவர் எச்சில் துப்புகிறவர், மலாயில் வசியம் வைக்கிறவர். ஒரே வாய், ஒரே ஊதல். இரண்டில் எது என்றாவது முடிவு பண்ணித் தொலையுங்கள் என்று கத்தலாம் போல இருந்தது. யாரிடம் கத்துவது? போட்டவன் யார் என்றே தெரியவில்லை. அவன் இதற்குள் அடுத்த ஊரில் அடுத்த ரொட்டியைப் படம் எடுத்துக்கொண்டிருப்பான்.

கடைக்குப் போனேன். காலை நேரத்தில் மேசைகள் காலியாகக் கிடந்ததை அன்றுதான் பார்த்தேன். வாசலில் இரண்டு இளைஞர்கள் கடையைக் காட்டி, "இதுதான் அந்தக் கடை" என்று போனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்து ஒரு தே குடிக்கவில்லை. புகார் போயிருந்ததால் சுகாதார அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அதை யாரும் படம் எடுத்துப் பகிரவில்லை.

"பாய், நானே வீடியோல பேசிப் போடுறேன். உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

பாய் கல்லா மேசையைத் துணியால் துடைத்தார். பிறகு, "உங்களுக்குப் பிரச்சினை வராம பாத்துக்கோங்கம்மா" என்றார். அவருடைய கடை காற்று வாங்கிக்கொண்டிருந்தது, அவர் என்னைப் பற்றிக் கவலைப்பட்டார்.

மகள் அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் போனைப் பிடிக்க, நான் ஆரஞ்சுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பேசினேன். என் மகள் பயந்துபோனாள், அந்தப் பாட்டில் என்னுடையது, நான்தான் அவரை ஊதச் சொன்னேன், தேநீரில் அவர் ஒன்றும் செய்யவில்லை, நான் பக்கத்திலேயே நின்றேன் என்று தெளிவாகச் சொன்னேன். மகள் அதை எல்லோரும் பார்க்கும்படி ஏற்றினாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு நாளில் என் வீடியோ எனக்கே திரும்பி வந்தது. இந்த முறையும் நறுக்கியிருந்தார்கள். முதலில் பாய் கிளாஸ்களுக்கு மேல் குனிந்து ஊதுகிறார். அடுத்து என் முகம். "நான்தான் அவரை ஊதச் சொன்னேன்" என்கிறேன். அதையே மூன்று தடவை திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பின்னால் ஒரு கூத்துப் பாட்டு. 'கூட்டாளி சிக்கினாள்' என்று தலைப்பு. வாழ்க்கையில் முதல் தடவையாகத் துணிந்து ஒரு உண்மையை ஊருக்குச் சொன்னேன். அதைக் கொண்டே அந்த மனிதரை இன்னொரு முறை அடித்தார்கள். லாபிஸில் இருக்கும் என் சித்தி மகன், விசாரிக்கக்கூடச் செய்யாமல், அதை அப்படியே குடும்பக் குழுவில் போட்டு, 'இது நம்ம அக்கா மாதிரி இல்ல?' என்று கேட்டிருந்தான். மாதிரி இல்லையடா, நானேதான். ஒரு போன் போட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பாயிடம் போய் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. "விடுங்கம்மா" என்றார். "நீங்க நல்லதுக்குத்தான் பேசுனீங்க. ஆனா பேசப் பேச கூடுது. இனி நாம ரெண்டு பேரும் சும்மா இருந்துருவோம்." அவர் கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நாலு வீடு தள்ளி இருப்பவள் சொன்னது போலவே தானாக அடங்கியது. யாரோ ஒரு நடிகரின் விவாகரத்து வந்தது, யாரோ ஒரு ஆசிரியர் பிள்ளையைத் திட்டிய வீடியோ வந்தது, ஊர் வாய் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. மேசைகள் மெல்ல மெல்ல நிரம்பின. மீ கோரெங் கட்டிக்கொண்டு போகிறவள் திரும்பவும் வரிசையில் நிற்பதைப் பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். யாரும் பாயிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பகிர்ந்ததை யாரும் அழிக்கவும் இல்லை. கெட்ட எண்ணத்தால் என்றுகூடச் சொல்ல மாட்டேன். மறந்துவிட்டார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒரு மனிதரை நடுத்தெருவில் நிறுத்தியதை, நேற்று என்ன குழம்பு வைத்தோம் என்பதைப் போல மறந்துவிட்டார்கள்.

என் மகள் ஒரு வழியாக மறுபடியும் மோட்டார் ஓட்டுகிறாள். மாத்திரையா, தண்ணீரா, காலமா, தெரியாது. பாயிடம் சொன்னபோது, "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய் நிறையச் சொன்னார்.

போன மாதம் நாலு வீடு தள்ளி இருப்பவள் என் வாசலுக்கு வந்தாள். அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்த அவள் மகள் இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறாள். தெருநாய் ஒன்று துரத்தியதில் பயந்துபோய், பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள், சாப்பிடுவதும் இல்லை. "அக்கா, பாய் கடைக்கு ஒரு எட்டு போலாமா? நீங்க கூட வந்தா அவரு தட்ட மாட்டாரு" என்றாள். கையில் பாட்டில் இருந்தது. நன்றாக நாலு கேட்க வேண்டும் என்று நாக்கு வரைக்கும் வந்தது. குழந்தை அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. காரை எடுத்தேன்.

கடையில் நல்ல கூட்டம். பாய் குழந்தையைப் பார்த்துக் கன்னத்தைத் தட்டினார். "பாட்டில் கொண்டாந்தீங்களா?" என்று வழக்கம் போலக் கை நீட்டி வாங்கினார். பெயர் கேட்டார். தாயின் பெயர் கேட்டார். மூடியைத் திறந்தார். உதடு அசைய ஆரம்பித்தது. குழந்தை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

பாதியில் அவர் நிமிர்ந்தார். முன் மேசையில் ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அவள் பாட்டுக்குத் தன் தட்டில் இருந்த ரொட்டியைத்தான் படம் எடுத்தாள். நான் நன்றாகப் பார்த்தேன், ரொட்டியை மட்டும்தான் எடுத்தாள். பாயும் பார்த்தார். அவர் முகத்தில் நான் பார்த்தது கோபம் இல்லை. என் மகள் மோட்டார் சாவியைத் தொடும்போது அவள் முகத்தில் இருந்தது எதுவோ, அதுதான்.

உதடு நின்றுவிட்டது. பாட்டிலை மெதுவாக மூடி, கல்லா மேசையில் எங்கள் பக்கம் நகர்த்தினார்.

"நல்ல தண்ணிதாம்மா. அப்படியே குடுங்க, சரியாயிரும்."

"பாய், உள்ள அடுப்படிக்குப் போய்க்கூட..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம்மா" என்றார். "இனி ஊதக் கூடாதுன்னு வீட்டுல சத்தியம் வாங்கிட்டாங்க, புள்ளையப் பாத்ததும் மறந்துட்டேன். தே குடிச்சிட்டுப் போங்க."

தே குடிக்கவில்லை. காரில் ஏறியதும் அவள், "என்னக்கா, இப்படி மாறிட்டாரு? ஒரு சின்னப் புள்ளைக்குப் பாத்துக்கூட..." என்றாள். காரை ஓரமாக நிறுத்தினேன். அவ்வளவு நாள் அடக்கி வைத்தது வெடித்துவிட்டது.

"அவரு மாறல. அன்னைக்கு ஒரு வரி கேட்டேன் உன்கிட்ட. ஒரே ஒரு வரி."

 அவள் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த குழந்தைதான், எங்கள் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டது:

"ம்மா, அந்தத் தாத்தா ஊதவே இல்லையே?"